அளவுக் கம்பத்துக்கு வயது தெரியாது

"அண்ணா, ஒரே ஒரு தடவை விடுங்கண்ணா." அளவுக் கம்பத்தில் முதுகை ஒட்டி, குதிகாலை மெல்லத் தூக்கிக்கொண்டு கெஞ்சினான் என் அக்கா மகன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்று வாசல்வரை வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ரைடில் ஏற அவன் இன்னும் நாலு விரற்கடை வளர வேண்டும் என்று. ரைடை இயக்கும் தம்பி குனிந்து, அவன் குதிகாலைத் தரையில் பதியவைத்து, "வளர்ந்துட்டு வாடா, நானே ஏத்திவிடுறேன்" என்றார். பதினைந்து வயது மூத்தவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள். மூன்று வயதுக் குட்டி தாத்தா தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா யாரைப் பார்ப்பாள்?

அன்றைய பொழுது வீணானதற்கு அந்தக் கேளிக்கைப் பூங்காவைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே நாங்கள் நம்பிக்கொண்டு போன சில விஷயங்கள்தான் காலை வாரின. அதற்குப் பிறகும் அதே மூன்று பிள்ளைகளோடு பல தடவை போய்விட்டோம். வரிசையில் முன்னும் பின்னும் நிற்கும் குடும்பங்களின் பேச்சைக் கேட்டால், பாதிப் பேர் அதே நம்பிக்கைகளோடுதான் வந்திருக்கிறார்கள்.

"ஒன்பது வயசு ஆயிடுச்சு, எல்லாத்துலயும் ஏறலாம்"

ரைடு வாசலில் வயதை யாரும் கேட்பதில்லை. உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். பெங்களூரு, கொச்சி வொண்டர்லா பூங்காக்களில் டிக்கெட்டே உயரக் கணக்குத்தான்: 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் டிக்கெட்டுக்கு வயது கணக்கு, 4 முதல் 12 வரை குழந்தை. ஆனால் ரைடில் ஏற அங்கேயும் உயரம்தான். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., ஜுராசிக் பார்க் படகுச் சவாரிக்கு 107, மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பத்து வயதுப் பையனின் நடுத்தர உயரம் சுமார் 138 செ.மீ. அதாவது, பத்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 140-ஐத் தொட்டிருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ள பூங்கா வாசல்வரை போக வேண்டியதில்லை. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு உயரம் குறிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அது போதும். வெறுங்காலோடு, மாலையில் அளந்து பாருங்கள். தூங்கி எழுந்ததும் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் தளர்ந்து உடல் கொஞ்சம் நீண்டிருக்கும். நடமாட நடமாட அது அமுங்கி, மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் வரை குறையலாம். எல்லைக்கோட்டில் நிற்கிற பிள்ளைக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிய விஷயம். அளந்த கையோடு பூங்காவின் இணையதளத்தில் உயரப் பட்டியலைத் திறந்து, பிள்ளையையே பக்கத்தில் உட்காரவைத்து, "இது உனக்கு உண்டு, இது அடுத்த வருஷம்" என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் கேட்கும் "இல்லை"யைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு கேட்கும் "இல்லை"தான் அவர்களை உடைக்கிறது.

"தைரியமான பையன், நான் மடியில வெச்சுப் பிடிச்சுக்கிறேன்"

இந்த நம்பிக்கையைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். உயர வரம்பு தைரியத்துக்கு வைக்கும் பரீட்சை என்றே பலர் நினைக்கிறார்கள். இருக்கையில் உட்கார்ந்ததும் தொடைமேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் கம்பிக்காக வைத்த வரம்பு அது. வண்டி மேட்டிலிருந்து சரியும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அந்த நொடியில் ஆளைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கம்பி மட்டுமே. தொடை மெலிந்து, கால் தரையை எட்டாத பிள்ளைக்கு அது இறுக்கமாக உட்காராது. அடியில் நழுவ இடம் கிடைத்துவிடும்.

மடியில் வைத்தால் இன்னும் மோசம். கம்பி அப்பாவின் தொடைக்கும் வயிற்றுக்கும் ஏற்ற இடத்தில் நின்றுவிடும். பிள்ளையைப் பிடிக்க அப்பாவின் கை மட்டும்தான் மிச்சம். வேகமான வளைவில் புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு விசை வந்தால், 15 கிலோ பிள்ளை 45 கிலோ போலக் கனக்கும். எந்தக் கை தாங்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவரும் சிறியவரும் சேர்ந்து உட்காரக்கூடிய சுழலும் ரைடுகளில் யார் எந்தப் பக்கம் என்பது முக்கியம். சுழற்சி ஆட்களை வெளிப்பக்கம் தள்ளும். பெரியவர் உள்பக்கம் இருந்தால் அவருடைய முழு எடையும் பிள்ளைமேல் சாயும். அதனால்தான் "பெரியவங்க வெளியில, சின்னவங்க உள்ள" என்று ஊழியர் இடம் மாற்றச் சொல்கிறார். அலுத்துக்கொள்ளாமல் மாறி உட்காருங்கள்.

"குடும்பமா வந்தா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணாவே இருக்கணும்"

எங்களை அதிகம் வதைத்தது இந்த நம்பிக்கைதான். ஏழு பேரும் ஒன்றாகவே நகர்ந்தோம். மூத்தவள் ரோலர் கோஸ்டரில் ஏறினால் ஆறு பேர் கீழே காத்திருப்போம். குட்டி ரயிலில் சுற்றினால் மூத்தவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உம்மென்று நிற்பாள். நடுவிலவன் இரண்டிலும் சேராமல் தவித்தான். அவனைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில் மரக்குதிரைகள் சுற்றும் ஒரு ராட்டினம் உண்டு. வால்ட் டிஸ்னி தம் இரு மகள்களையும் அங்கே அழைத்துப்போவார். அவர்கள் சுற்றும்போது இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் அப்படி உட்கார்ந்திருந்தபோது வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ல் அனாஹைமில் டிஸ்னிலேண்ட் பிறந்தது. ஆனால் அந்த டிஸ்னி பூங்காக்களே இன்று குடும்பத்தைப் பிரித்து அனுப்ப ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒரு பெற்றோர் பெரிய பிள்ளையோடு ஏறுவார், மற்றவர் சின்னதை வைத்துக்கொண்டு காத்திருப்பார்; முதலாமவர் இறங்கியதும் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். நம் ஊர்ப் பூங்காக்களில் இதற்குப் பெயர் ஏதும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வரிசை வாசலில் இருப்பவரிடம் கைக்குழந்தையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு இரண்டு தடவை கிடைத்தது.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். வாசல் திறந்ததும் மூத்தவளும் அவள் அப்பாவும் நேராகப் பெரிய ரைடுக்கு. வரிசை குறைவாக இருக்கும் நேரம் அது. குட்டியும் தாத்தாவும் வெயில் ஏறுவதற்குள் குழந்தைகள் பகுதியை முடித்துவிடுவார்கள். நடுவிலவனுக்கு ஒரு பெரியவர் முழுசாக அவனுக்கென்று. என் கையில் ஒரு துண்டுச் சீட்டும் அவனும் மட்டும். எதில் ஏறலாம் என்று அவனே தேர்ந்தெடுப்பான். பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஒரே மேசையில் சாப்பாடு. ஒன்று முதல் மூன்று வரை குட்டிக்குத் தூக்கம். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். உல்லாசப் பயணம் என்பதற்காக அந்தக் கணக்கு குறைந்துவிடாது. பிறகு தண்ணீரில் எல்லோரும் ஒன்றாக. சேர்ந்திருக்கும் அந்த இரண்டு, மூன்று மணி நேரத்தில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அதிகாலை நாலு மணிக்கே எழுப்பி வண்டியில் ஏற்றுவதையும் விட்டுவிட்டோம். பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். பதினைந்து வயதுப் பெண் காலையில் சிடுசிடுப்பதைத் திமிர் என்று திட்டிக்கொண்டிருந்தோம், பாவம்.

"சின்னதுக்குத்தான் வாந்தி வரும், பெரியதுங்க தாங்கும்"

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி அரிது. அதிகமாகப் படுத்துவது ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நகர்கிறோம்" என்கிறது. கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் "அசையவே இல்லை" என்கிறது. மூளைக்கு இந்த முரண்பாடு பிடிப்பதில்லை. ஆக, வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து தொலைவில் பார்க்க வேண்டியது உங்கள் நடுப்பிள்ளை. எலுமிச்சம்பழம் முகர்வதில் கெடுதல் ஒன்றுமில்லை. மருந்துக்கடையில் வாங்கும் புரோமெத்தசினை மட்டும் இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கும் மருத்துவரைக் கேட்டே கொடுங்கள். வெறும் வயிறும் குமட்டும். இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம்.

"நைலான் டிரெஸ் கேட்கிறது காசு பிடுங்குற வேலை"

தண்ணீர் ரைடுகளுக்கு நைலான் உடைதான் என்பது பூங்கா விதி. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்து, சறுக்கில் காலைச் சுற்றும். அதன் நூலிழைகள் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். உலோகப் பொத்தானும் ஜிப்பும் கண்ணாடியிழைச் சறுக்கைக் கீறும். அந்தக் கீறல் அடுத்து வரும் பிள்ளையின் முதுகைக் கிழிக்கும். விதியில் நியாயம் இருக்கிறது. செலவு உறுத்தினால் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். வாங்கும்போது நீல நிறத்தைத் தவிருங்கள். நீலத் தொட்டியில் நீல உடைப் பிள்ளை கண்ணுக்கே தெரியாது. அடிக்கும் ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் நல்லது.

"குளோரின் வாசம் கும்முனு வருது, தண்ணி சுத்தம்"

சுத்தமான குளத்தில் அவ்வளவு வாசம் வராது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து குளோரமின் ஆகும்போதுதான் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வரும், கண்ணும் சிவக்கும். மணிக்கு ஒரு தடவை சின்னதுகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள். நீச்சல் டயப்பர் மாட்டினால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள், அதுவும் கிருமியைத் தடுத்து நிறுத்தாது. வயிற்றுப்போக்கு இருந்த பிள்ளையைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரின் கலந்த நீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும்.

"லைஃப்கார்டு இருக்கார், டியூப் போட்டிருக்கு, அக்காவும் கூட இருக்கா"

மூன்று காவல் இருப்பதாகத் தோன்றும் இடத்தில் ஒன்றுகூட இல்லாமல் போவது இங்கேதான்.

மூழ்குகிறவர்கள் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார்கள் என்று சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. உண்மையில் மூழ்கும் பிள்ளையிடமிருந்து சத்தமே வராது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வர, மூச்சு இழுக்கவே நேரம் போதாதபோது எப்படிக் கத்தும்? கையை உயர்த்தி அசைக்கவும் முடியாது. கை தானாகவே தண்ணீரைக் கீழே அழுத்தப் பார்க்கும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் விளையாடுவது போலவே இருக்கும். காற்றடைத்த டியூப் விளையாட்டுச் சாமான். அலைக்குளத்தில் ஓர் அலை கவிழ்த்தால் தலை கீழே போய்விடும். முழங்கால் அளவுத் தண்ணீரும் மூன்று வயதுக்கு ஆழம்தான். லைஃப்கார்டு ஒருவர், பார்க்க வேண்டிய தலைகள் நூறு.

பதினைந்து வயது அக்காளிடம் "தங்கச்சியைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் நாற்காலி தேடிப் போவதும் நியாயமில்லை. அவளும் விளையாடத்தான் வந்திருக்கிறாள். பெரியவர்கள் அதிகமாக இருந்தால் ஆபத்தும் கூடும், அடுத்தவர் பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதால். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். குட்டியைப் பார்க்கும் பொறுப்பில் இருப்பவர் கையில் ஒரு சிவப்பு மணிக்கட்டுப் பட்டை இருக்கும். மாற்ற வேண்டுமானால் பட்டையைக் கழற்றி அடுத்தவர் கையில் போட்டு, "இப்ப நீங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். பட்டை போட்டவர் கை நீட்டினால் பிள்ளையைத் தொடும் தூரத்தில் நிற்பார். கைபேசி பைக்குள். என் அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது; பட்டை கையில் இருந்தால் பேப்பரைக்கூடத் திருப்ப மாட்டார்.

கூட்டத்தில் தொலைந்தால் என்ன செய்வது என்பதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். அன்றைய உடையில் ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் ஒரு படம் எடுங்கள். பேச்சு வராத சின்னதின் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் உங்கள் எண்ணை எழுதுங்கள். தண்ணீரில் அழிந்துவிடும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஒரு தடவை.

"அவ்வளவு காசு கொடுத்தாச்சு, மூடுற வரைக்கும் இருந்துட்டுப் போகணும்"

டிக்கெட் விலையை மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம். ஆனால் சின்னது களைத்த பிறகு வாங்கும் ஒவ்வொரு மணி நேரமும் மற்ற எல்லோருடைய பொழுதையும் தின்கிறது. முடிந்தால் நாலரைக்குத் தாத்தாவும் குட்டியும் ஒரு பெரியவரும் தங்குமிடத்துக்குத் திரும்பட்டும். மூத்தவள் மூடும்வரை இருக்கட்டும். ஒரே வண்டியில்தான் வந்திருக்கிறீர்கள் என்றால், நிழலில் ஓர் இடம் பார்த்துத் துண்டை விரித்துக் குட்டியைத் தூங்கவைத்துவிட்டு, பெரியவர்கள் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

போன தடவை வீடு திரும்பிய இரவு, பாட்டி போனில் கேட்டாள்: "என்னடி தங்கம் பார்த்தே அங்க?" ரயில், யானை பொம்மை, ராட்டினம் எதையும் குட்டி சொல்லவில்லை. "பாட்டி, கால் கழுவுற குழாய் இருந்துச்சு. அமுக்கினா தண்ணி வந்துச்சு. நான் நிறைய தடவை அமுக்கினேன்" என்றாள். உண்மைதான். வாசலோரம் இருந்த அந்தக் குழாயில் அவளும் தாத்தாவும் இருபது நிமிடம் நின்றிருந்தார்கள். மூத்தவளும் அவள் அப்பாவும் அந்நேரம் ரோலர் கோஸ்டரின் உச்சியில் இருந்தார்கள்.