ரெய்டரை உட்கார வைக்காதீர்கள்

தாராவியில் எங்கள் கபடி அணிக்கு என் தம்பிதான் முதல் ரெய்டர். சில ஆட்டங்களாகப் போனாலே பிடிபடுகிறான். உட்கார வைத்துவிடலாமா?
– வாசகர், தாராவி

வேண்டவே வேண்டாம். உட்கார வைத்தால் பயம்தான் வளரும். எப்போதும் ஒரே கார்னரைத் தேடிப் போகிறானா என்று பாருங்கள். எதிரணி அதை மனப்பாடம் செய்திருக்கும். பக்கத்தை மாற்றச் சொல்லுங்கள்.

எதிரில் ஆறு பேராவது நின்றால் போனஸுக்குப் போகட்டும்: ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது மறு கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். ஆள் குறைந்தால், பால்க் கோட்டைத் தாண்டித் திரும்பினாலே போதும். 2015இல் புரோ கபடி லீக்கில் யூ மும்பா அணிக்குப் பட்டம் வாங்கித் தந்த கேப்டன் அனூப் குமார், போனஸிலும் கால்விரல் தொடுதலிலும் பேர் எடுத்தவர்.

இரண்டாவது ரெய்டரையும் மாறி மாறி அனுப்புங்கள். சுமை குறைந்தால் தம்பியின் கால் தானாகப் பேசும்.