திரையில் பெருகும் மந்தையும் தொழுவத்தின் கணக்கும்

பெங்களூருவின் அடுக்ககங்களில் மாலை வேளைகளில் ஓசையின்றி ஒரு கால்நடைப் பண்ணை நடந்துகொண்டிருக்கிறது. பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து வேலி கட்டுகின்றனர், கோதுமை விதைக்கின்றனர், இரண்டு பசுக்களைத் தேடிப் பிடித்து அடைக்கின்றனர். அரை மணி நேரத்தில் அங்கே கன்றுகள் துள்ளுகின்றன. ‘மைன்கிராஃப்ட்’ என்னும் அவ்விளையாட்டு 2009ஆம் ஆண்டு சுவீடனில் தோன்றி, 2011இல் முழு வடிவம் பெற்று, 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. கட்டங்களாலான ஓர் உலகில் ஆடுபவர் பசியாறவும், இரவில் வரும் பகைகளிடமிருந்து தப்பவும் தாமே வழி தேடிக்கொள்ள வேண்டும். வேட்டையாடி உண்பது ஒரு வழி. மந்தை வளர்ப்பது அதனினும் நல்ல வழி.

வங்கி இதழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். இருபது ஆண்டுகள் நகரத்தில் உழைத்தபின், கிருஷ்ணகிரியிலோ கோலாரிலோ உள்ள பூர்விக நிலத்தில் ஓர் ஆட்டுப் பண்ணை அமைக்கலாம் என்ற எண்ணத்துடன் இருப்போர் நம் வாடிக்கையாளர்களில் பலர். அவர்கள் தாளில் எழுதும் பெருக்கல் கணக்கு, பெரும்பாலும் பிள்ளை திரையில் போடும் கணக்கையே ஒத்திருக்கிறது. அவ்விரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் விளையாட்டின் விதிகள். வளர்ந்த பசுக்கள் இரண்டுக்குக் கோதுமை ஒவ்வொன்று ஊட்டினால் உடனே ஒரு கன்று தோன்றும். ஐந்து நிமிடம் கழித்து அதே இணைக்கு மீண்டும் ஊட்டலாம். கன்று வளர்ந்து பசுவாக இருபது நிமிடம் ஆகும். அவ்வுலகின் ஒரு நாள் அவ்வளவே. செம்மறிக்கும் இதே கோதுமைதான். பன்றிக்குக் காரட்டோ உருளைக்கிழங்கோ பீட்ரூட்டோ வேண்டும். கோழிக்கு விதைகள். ஒரு கன்றுக்கு இரண்டு கோதுமை வீதம், இரண்டு பசுக்களை இருபதாக்கப் பதினெட்டுக் கன்றுகள் வேண்டும். ஆக மொத்தச் செலவு 36 கோதுமை. அதன்பின் அப்பசுக்கள் எத்தனை நாள் நின்றாலும் ஒரு பிடி புல்லும் கேட்பதில்லை. அவை பசியால் மெலிவதும் இல்லை, இறப்பதும் இல்லை.

இந்த விதிகளில் மெய்யான பாடங்கள் இல்லாமல் இல்லை. புதிதாக ஆடத் தொடங்கும் பிள்ளை, கண்ணில் பட்ட ஆடுகளையெல்லாம் முதல் நாளிலேயே அடித்து உண்டுவிடும். மறுநாள் கம்பளிக்கும் வழியிருக்காது, உணவுக்கும் வழியிருக்காது. அடுத்த முறை இரண்டையாவது விட்டுவைக்கக் கற்றுக்கொள்ளும். விதைநெல்லைக் குத்தி உண்ணக் கூடாது என்று நம் பாட்டன்மார் சொல்லிவைத்ததும் இதுவே. வேலியைத் திறந்துவிட்டால் மந்தை சிதறுகிறது. ஓநாய் ஆட்டைக் கடிக்கிறது. ஒரே கட்டத்தில் அளவுக்கு மீறி அடைத்தால் நெரிசலால் விலங்குகள் மடிகின்றன. எறியப்படும் கோழிமுட்டையில் எட்டில் ஒன்றே சராசரியாகக் குஞ்சாகிறது என்பதால், எண்ணியது எல்லாம் பிறந்துவிடாது என்பதும் புரிகிறது. வளரும் கன்றுக்குக் கோதுமை ஊட்டினால் எஞ்சிய வளர்ச்சிக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்றொரு விதியும் உண்டு. நன்றாகத் தீனி பெற்ற கிடேரி விரைவில் சினைக்குத் தயாராகும் என்பதை அறிந்த விவசாயிக்கு அவ்விதி வியப்பளிக்காது.

ஆயினும், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய வேறுபாடு கிடக்கிறது. விளையாட்டில் தீவனம் என்பது பிறப்புக்கான விலை. தொழுவத்தில் தீவனம் என்பது ஒவ்வொரு நாளுக்குமான விலை. பிறந்தாலும் பிறக்காவிட்டாலும், பால் கறந்தாலும் வற்றினாலும் அந்த விலை நிற்பதில்லை. பண்ணைக் கடன்கள் இடறும் இடங்களில் முதன்மையானது இதுவே.

இதைக் கற்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பெங்களூருவின் ஓசூர் சாலையில், மென்பொருள் நிறுவனங்களுக்குச் செல்லும் ஊர்திகள் நெரியும் வழியிலேயே ஆடுகோடி இருக்கிறது. அப்பெயரைத் தமிழ்க் காதால் கேட்பவர்க்கு ஆடே நினைவுக்கு வரும்; பெயர்க் காரணம் எதுவாயினும், ஒரு நூற்றாண்டாக அங்கே கால்நடைதான் பாடம். 1923இல் கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைக்குமான பேரரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட அவ்விடத்துக்கு, 1927இல் உடல்நலம் தேறப் பெங்களூரு வந்திருந்த காந்தியடிகள் பசுப் பராமரிப்பைக் கற்கும் ஆர்வத்துடன் வந்தார். 1955இல் தலைமையிடம் ஹரியானாவின் கர்னாலுக்கு மாறிற்று. ஆடுகோடி, தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக நிலைத்தது. அதனருகிலேயே கால்நடைகளின் ஊட்டத்தையும் உடலியக்கத்தையும் ஆராய்வதற்கென ஒரு தேசிய நிறுவனமும் இயங்குகிறது. ஒரு விலங்கு என்ன உண்ண வேண்டும், எவ்வளவு உண்ண வேண்டும் என்பதற்காகவே ஒரு தனி நிறுவனம் தேவைப்படுகிறது என்பதே சிந்திக்கத் தக்கது.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை தனியார் நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெறுகிறார். வருங்கால வைப்புநிதி கைக்கு வந்திருக்கிறது. சனவரியில் இருபது பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் வாங்குகிறார். புதிதாக வந்த ஆடுகளை மூன்று நான்கு வாரம் தனியே வைத்து நோய் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் இணை சேர்கின்றன. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஆக, சூலையில் குட்டிகள் பிறக்கின்றன. அவற்றை ஒன்பது மாதம் வளர்த்து விற்பதாயின் மறு ஆண்டு ஏப்ரல் வந்துவிடும். முதல் ஆடு வாங்கிய நாள் முதல் முதல் குட்டி விற்கும் நாள் வரை பதினைந்து மாதங்கள். இந்தப் பதினைந்து மாதமும் வரவு ஏதும் இல்லை.

செலவைப் பார்ப்போம். ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு கிலோ பசுந்தீவனம் என்று கொண்டால், இருபத்தோர் ஆடுகளுக்கு 84 கிலோ. மாதத்துக்கு இரண்டரை டன். அதைச் சொந்த நிலத்தில் விளைவிப்பதாகவே வைத்துக்கொள்வோம். அடர்தீவனம் ஆட்டுக்குக் கால் கிலோ வீதம், கிலோ 30 ரூபாய் எனக் கணக்கிட்டாலும் பதினைந்து மாதத்தில் 70,000 ரூபாயைத் தாண்டிவிடும். காவலுக்கும் மேய்ச்சலுக்கும் ஓர் ஆள், மாதம் 12,000 ரூபாய் என்றால் 1,80,000 ரூபாய். ஆடும் கொட்டகையும் வாங்கியது போக, கையில் இரண்டரை லட்சம் ரூபாய் தனியே இருந்தாக வேண்டும். குட்டிகளின் தீனியும் மருத்துவச் செலவும் இதில் சேரவில்லை. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கணக்கின் வடிவம் மாறாது. பதினைந்தாம் மாதம் வரை தாக்குப் பிடிக்க இயலாதவர், எட்டாம் மாதத்தில் சினை ஆடுகளையே விற்கத் தொடங்குவார். அது விதைநெல்லைக் குத்துவதே.

வரவும் தாளில் தோன்றும் அளவுக்கு வருவதில்லை. இருபதில் பதினெட்டு ஆடுகள் ஈன்று, ஈற்றுக்கு ஒன்றரைக் குட்டி வீதம் 27 பிறந்து, மூன்று இறந்தால் எஞ்சுவது 24. பாதி கிடா, பாதி பெட்டை. மந்தையைப் பெருக்க எண்ணிப் பெட்டைகளை நிறுத்திக்கொண்டால் விற்பனைக்குப் பன்னிரண்டே உண்டு. அத்தனையையும் விற்றால் மந்தை பெருகாது. வளர்ச்சியையும் வருமானத்தையும் ஒரே ஆண்டில் கேட்பவர்க்குத் திரையில் மட்டுமே அது கிடைக்கும்.

விளையாட்டு மறைத்துவிடும் வேறு சில செய்திகளும் உண்டு. அங்கே பசுவுக்கு ஆண் பெண் என்ற பிரிவே இல்லை. எந்த இரண்டும் இணையும். உடன்பிறந்தவை இணைந்தாலும் தீங்கில்லை. மெய்யான மந்தையில் இருபது முதல் இருபத்தைந்து பெட்டைகளுக்கு ஒரு கிடா வேண்டும். தன் குட்டிகளோடே அது இணை சேராதிருக்க ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். தவறினால் குட்டிகள் நலிந்து பிறக்கும். இழப்பு மெதுவாக வருவதால் காரணம் புரிவதும் தாமதமாகும். மாட்டுக்கு இச்சிக்கலைச் செயற்கைமுறைக் கருவூட்டல் பெரிதும் தீர்த்துவிட்டது. பெங்களூருவின் வடமேற்கே ஹெசரகட்டாவில் 1969இல் நிறுவப்பட்ட மத்திய உறைவிந்து உற்பத்தி மற்றும் பயிற்சி நிறுவனம் இப்பணிக்கெனவே உள்ளது. பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை குளிரில், திரவ நைட்ரஜனில் காக்கப்படும் உறைவிந்து, காளை இல்லாத சிற்றூருக்கும் நல்ல வம்சத்தைக் கொண்டுசேர்க்கிறது. ஆயினும் கன்று பிறக்க ஒன்பது மாதத்துக்கு மேலும், அக்கன்று தாயாக இரண்டரை ஆண்டோ அதற்கு மேலோ ஆகும் என்பதை எந்தக் குளிரும் சுருக்கிவிடாது.

நோயும் அங்கே இல்லை. இங்கே ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி, கோமாரி ஆகியவற்றுக்குத் தடுப்பூசி நாட்குறிப்பு வைத்தே ஆக வேண்டும். 2022இல் நாடெங்கும் பரவிய தோல் கழலை நோயில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. காப்பீடு எடுத்தவர்களும் ஒரு சிறு பொருளைக் கவனிக்கத் தவறுவதுண்டு. அது காதில் மாட்டும் அடையாள வில்லை. காப்பீட்டுக்குரிய விலங்கு இதுதான் என்பதற்கு அதுவே சான்று. அது கழன்று விழுந்தால் உடனே தெரிவித்து வேறொன்று மாட்டி, புதிய எண்ணைப் பத்திரத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். வில்லையின்றி இறந்த விலங்குக்கு இழப்பீடு பெறுவது மிகக் கடினம்.

இனி, கடன். ஆடு வாங்குவதும் கொட்டகை அமைப்பதும் தவணைக் கடனுக்கு உரியவை. தீவனம், மருத்துவம், கூலி ஆகிய அன்றாடச் செலவுகள் நடைமுறை மூலதனம். இவற்றுக்கு உழவர் கடன் அட்டை பயன்படும். பயிருக்கு மட்டுமே இருந்த அவ்வசதி, 2018-19ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பைத் தொடர்ந்து கால்நடை வளர்ப்போருக்கும் மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, முழுத் தொகையையும் ஆடு வாங்கவே செலவிட்டுவிட்டுத் தீவனத்துக்கு அண்டை வீட்டாரிடம் கைமாற்று கேட்பது பொருந்தாது. தவணை தொடங்கும் நாளையும் வாடிக்கையாளரே கேட்டுப் பெற வேண்டும். குட்டி விற்பது பதினைந்தாம் மாதம் எனில், நான்காம் மாதத்திலேயே அசல் தவணை தொடங்கும் கடன் அந்தப் பண்ணைக்கு ஏற்றதன்று. மாதவாரியான வரவு செலவைத் தாளில் எழுதிக் காட்டினால் கிளை அலுவலருக்கும் முடிவெடுப்பது எளிதாகும். எத்தனை குட்டிகள் இறக்கும் என்ற வரி அத்தாளில் இல்லாவிட்டால் அவர் நிச்சயம் கேட்பார்; கேட்காவிட்டால் நாமே எழுதிச் சேர்ப்பது நல்லது.

நாம் கற்பனை செய்த தந்தை, சனவரியில் இருபத்தோர் ஆடுகளை வாங்காமல் வேறு வழியில் தொடங்கலாம். நவம்பரில் பெங்களூரு ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடைபெறும் வேளாண் விழாவுக்கு ஒருநாள் சென்று, பரண் கொட்டகைகளையும் தீவனப் பயிர்களையும் கண்ணால் பார்க்கலாம். பண்ணை நடத்தி நட்டப்பட்ட ஒருவரையாவது தேடிப் பேசலாம். இலாபம் கண்டவர் தாமாகவே பேசுவார். பின் கிணற்று நீரை அளந்து, கால் ஏக்கரில் கம்பு நேப்பியர் புல்லும், வரப்பில் அகத்தியும், மீதியில் வேலிமசாலும் நடலாம். நேப்பியரின் முதல் அறுவடைக்கு ஏறத்தாழ 75 நாள் ஆகும். அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். அவருடைய மகன் திரையில் பசுவைத் தேடிப் போகுமுன் கோதுமையை விதைத்ததும் இந்த வரிசையில்தான். முதல் அறுவடைப் புல் களத்துக்கு வந்து சேர்ந்த வாரத்தில், எட்டுப் பெட்டைகளும் ஒரு கிடாவும் சந்தையிலிருந்து வரலாம்.