வாங்குவோரும் வாக்களிப்போரும்

திருவனந்தபுரத்தில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில், சில ஆண்டுகளுக்கு முன்புவரை, குறிப்பிட்ட நாள்களில் மட்டும் ஒரு தனிவகைப் பத்திரம் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் தேர்தல் பத்திரம். அதனை விற்கும் உரிமை நாடு முழுவதும் 29 கிளைகளுக்கே இருந்தது. அவற்றுள் திருவனந்தபுரக் கிளையும் ஒன்று.

இப்பத்திரத் திட்டம் 2018 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில் பத்திரங்கள் கிடைத்தன. தனிமனிதரோ நிறுவனமோ வங்கியில் பணம் செலுத்தி இதனை வாங்கி, விரும்பிய கட்சிக்கு வழங்கலாம். கட்சி 15 நாள்களுக்குள் அதனைப் பணமாக மாற்றிக்கொள்ளும். பத்திரத்தில் கொடுத்தவரின் பெயர் இராது. கட்சியும் அப்பெயரை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. இதற்கு முன்னர், ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்கு வழங்கக் கூடாது என்னும் வரம்பு இருந்தது. 2017இல் அவ்வரம்பும் நீக்கப்பட்டது. எனவே, இலாபமே ஈட்டாத நிறுவனமும் நன்கொடை வழங்க வழி பிறந்தது. இலாபம் இல்லாதவர் எதனை எதிர்பார்த்துக் கொடுப்பார் என்பது சிந்திக்கத்தக்கது.

ரொக்கமாகக் கைமாறும் கறுப்புப் பணத்தை வங்கி வழிக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்று அரசு கூறியது. நன்கொடையாளர் பிற கட்சிகளின் பகைக்கு ஆளாகாமல் காக்கவே பெயர் மறைக்கப்படுகிறது என்றும் விளக்கியது. இவ்விளக்கத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது. ஆயினும், மறைக்கப்பட்ட பெயர் வாக்காளருக்கு மறைந்ததே தவிர, பெற்றவருக்கும் மறைந்திருந்ததா என்னும் ஐயம் நீங்கவில்லை. 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இத்திட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. யாரிடமிருந்து ஒரு கட்சிக்குப் பணம் வருகிறது என அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி. அடுத்த மாதமே வாங்கியவர் பெயர்களைத் தேர்தல் ஆணையம் வெளியிட்டது.

அப்பட்டியலின் முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூரிலிருந்து இயங்கிய ஒரு லாட்டரி நிறுவனம். அது வாங்கிய பத்திரங்களின் மதிப்பு 1,368 கோடி ரூபாய்! (கேரள அரசே நேரடியாக நடத்தும் லாட்டரி வேறு, இந்நிறுவனம் விற்றது பிற மாநிலங்களின் சீட்டுகளை.) தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை உள்ளது. எனவே, இந்நிறுவனத்தின் வருவாய் வேறு மாநிலங்களில் சீட்டு வாங்கியவர்களிடமிருந்து வந்தது. அவர்களுள் பலர் அன்றாடக் கூலி பெறுவோர். சில ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கிய தொழிலாளி, பரிசு விழவில்லையே என வருந்தியிருப்பார். தம் காசு எந்தக் கட்சியின் கணக்கில் சென்று சேர்ந்தது என அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

பெயர்கள் தெரிந்த பின்னர், பிடிக்காத நிறுவனத்தின் பொருளை வாங்காமல் விடலாமே என்று தோன்றும். அது எல்லாப் பொருளுக்கும் பொருந்துவதில்லை. பட்டியலில் மருந்து நிறுவனங்களும் சுரங்க நிறுவனங்களும் கட்டுமான நிறுவனங்களும் இருந்தன. மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர், நோயாளி அல்லர். பாலமும் சுரங்கப்பாதையும் கட்டும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது அரசு; அதன்மேல் நடந்து செல்பவர் அல்லர். வாங்குவோரின் தேர்வு வலிமை பெறுவது கடைத்தெருவில் மாற்றுப்பொருள் உள்ள இடத்தில் மட்டுமே.

மாற்று இருந்தும் தோற்றதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். மக்கள் தம் நாட்டுக் கப்பலை நாடிச் சென்றனர். எதிர்நின்ற ஆங்கிலக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்க் கட்டணமே இன்றி ஏற்றிச் சென்று, குடையும் இலவசமாக வழங்க முன்வந்தது. ஆழமான பணப்பை உடையவர் நட்டத்தையும் ஓர் ஆயுதமாக்குவர். ஆட்சியும் அவர் பக்கமே நின்றது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். சில ஆண்டுகளில் அவரது நிறுவனம் கலைக்கப்பட்டது.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிப் பாலக்காடு மாவட்டத்தில் பிளாச்சிமடை என்னும் சிற்றூர் உள்ளது. எரவாளர், மலசர் முதலிய பழங்குடி மக்களும் உழவர்களும் வாழும் ஊர் அது. 2000ஆம் ஆண்டில் கோகோ கோலா நிறுவனம் அங்கே குளிர்பான ஆலையை நிறுவியது. வேலை கிடைக்கும், வரி வரும் என்பதால் பெருமாட்டி ஊராட்சி உரிமம் வழங்கியது. சில மாதங்களிலேயே கிணற்று நீர் குறைந்தது. எஞ்சிய நீரும் சுவை கெட்டது. சோறு வேகவில்லை, குளித்தால் உடல் அரித்தது என்று பெண்கள் முறையிட்டனர். அவர்கள் குடத்துடன் நெடுந்தொலைவு நடந்தனர்.

2002 ஏப்ரல் 22ஆம் நாள் ஆலை வாயிலின் எதிரே போராட்டம் தொடங்கியது. அதன் முகமாக விளங்கியவர் மயிலம்மா என்னும் எரவாளர் இனப் பெண்மணி. அவர் பள்ளிக் கல்வி பெறாதவர். ஆனால் தம் கிணற்றின் நிலையை எவரினும் நன்கு அறிந்தவர். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வரி வருவாயை இழக்கத் துணிந்த அம்முடிவை எளிதென எண்ணலாகாது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து என்று தனி நீதிபதி 2003 திசம்பரில் கூறினார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வோ நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் லிட்டர் எடுக்க இசைவளித்தது. எனினும், 2004 மார்ச்சில் மூடப்பட்ட ஆலை மீண்டும் திறக்கப்படவில்லை. அதனை இனித் திறக்கும் எண்ணம் இல்லை என 2017இல் உச்ச நீதிமன்றத்தில் நிறுவனமே தெரிவித்தது.

இங்கே ஒன்றை நோக்க வேண்டும். பிளாச்சிமடை மக்கள் அப்பானத்தின் பெரும் நுகர்வோர் அல்லர். அதனை வாங்கிப் பருகியவர்கள் தொலைவில் உள்ள நகரத்தினர். வாங்காமல் இருக்கும் ஆற்றல் நகரத்தாரிடம் இருந்தது. வற்றிய கிணறு சிற்றூராரிடம் இருந்தது. இவ்விரு சாராரையும் இணைத்தவை நாளிதழ்ச் செய்திகளே. 2017 மார்ச் முதல் நாள், தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என முடிவெடுத்தன. எல்லாக் கடைகளும் அதனைக் கடைப்பிடித்தன எனக் கூற இயலாது. எனினும், 1916இல் விருதுநகரில் தோன்றிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோ பல கடைகளில் முன்வரிசைக்கு வந்தது.

பிளாச்சிமடையில் ஏற்பட்ட இழப்பு 216 கோடி ரூபாய்க்கும் மேல் என 2010இல் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு மதிப்பிட்டது. அதனைப் பெற்றுத்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் சட்ட முன்வரைவைத் திருவனந்தபுரத்தில் கூடிய சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் ஒருமனதாக நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிட்டவில்லை. மயிலம்மா அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2007இல், மறைந்துவிட்டார்.

பயிற்சி

1. பொருள் எழுதுக: நுகர்வோர், நிகர இலாபம், உயிர்நாடி, தீர்ப்பாயம்.

2. பிரித்து எழுதுக: பொதுச்சொத்து, அவ்வரம்பு, கடைத்தெரு.

3. ‘பணப்பை’, ‘கிணறு’ ஆகிய சொற்கள் இப்பாடத்தில் யாருடைய நிலையை உணர்த்துகின்றன?

4. உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததால் பெருமாட்டி ஊராட்சி இழந்தது யாது? அம்முடிவு சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

5. உம் வீட்டில் ஒரு வாரம் வாங்கப்பட்ட ஐந்து பொருள்களின் உறைகளைப் பார்த்து, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் பெயர்களையும் ஊர்களையும் தமிழில் எழுதுக. அவற்றுள் எவற்றிற்கு உம் கடைத்தெருவில் மாற்றுப்பொருள் கிடைக்கிறது?