பாவுக்கு ஈரம், சரக்குக்கு உலர்ச்சி

குழித்தறியில் அமர்ந்து நெய்யும் நம் அங்கத்தினர்களுக்கு ஈரத்தின் அருமையைக் கூறத் தேவையில்லை. காற்று வறண்டால் பருத்தி இழை அறும். தறிக்குழியின் ஈரம் பாவைக் காக்கிறது. ஆயினும் பாவுக்கு நட்பான அதே ஈரம், மடித்து வைத்த சேலைக்குப் பகையாகிறது.

சென்ற ஐப்பசியில் நான் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில், ஓர் அங்கத்தினர் கொணர்ந்த ஆறு சேலைகளில் பூஞ்சைப் புள்ளிகள் காணப்பட்டன. கூலி நிறுத்தப்பட்டது. நூலின் குற்றம் என்றார் அவர். அவருடைய கவனக்குறைவு என்றது சங்கம். வீட்டுக்குச் சென்று பார்த்தேன். தெருமட்டத்துக்குத் தாழ்ந்த உள்ளறையில், வெறுந்தரையில், சுவரோடு ஒட்டிச் சேலைகள் அடுக்கப்பட்டிருந்தன. குற்றம் அறையில் இருந்தது.

இதன் காரணம் எளிது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராமே தாங்கும். வெளியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்த பள்ள அறையில் புகுந்தால், மிகுதி நீர் தரையிலும் சுவரிலும் துணியிலும் படியும். துணியிலுள்ள கஞ்சி பூஞ்சைக்கு உணவாகிறது.

முதலில் சோதனை. சுத்திகரித்த உப்பைச் சிறிது ஒரு தட்டில் இட்டு அறையில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியும்; அது எச்சரிக்கை. அடுத்து, ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் மேற்புறம் நனைந்தால் அது காற்றின் ஈரம். அடிப்புறம் நனைந்தால் சுவரில் ஊறும் ஈரம்.

ஊறும் ஈரமாயின், கூரை நீரும் புழக்கடை நீரும் சுவரடியில் தேங்காமல் வடிகால் அமைப்பதே முதல் மருந்து. காற்றின் ஈரமாயின், ஈரத்துணியை உள்ளே உலர்த்தலாகாது. சமையல் ஆவி உள்ளே வரலாகாது. மழை பெய்கையில் சன்னல்களை மூடி, வானம் வெளுத்து உலர்காற்று வீசும்போது எதிரெதிர்ச் சன்னல்களைத் திறக்க வேண்டும். மூடிய அறையில் மின்விசிறி சுழல்வதால் ஈரம் வெளியேறாது.

சரக்கை மரச்சட்டத்தின் மேல், சுவருக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். மூடிய பீரோவுக்குள் ஒரு மண்பானையில் நீற்றாத சுண்ணாம்பு வைக்கலாம். ஒரு கிலோ சுண்ணாம்பு சுமார் 300 கிராம் நீரை ஓசையின்றி உறிஞ்சும். உறிஞ்சும்போது அது பருக்கும், சூடேறும். ஆகையால் பானையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரப்பாமல், துணியில் படாமல் வையுங்கள். நீர் தெளிக்கலாகாது. கண்ணைக் கெடுக்கும் பொருளாதலால் குழந்தைகளுக்கு எட்டலாகாது. திறந்த அறையில் வைப்பதால் பயனில்லை.

விதையும் பஞ்சும் சேமிக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் இம்முறைகள் ஏற்றவையே.

அறையை நேரில் கண்டபின், நிர்வாகக் குழு அந்த அங்கத்தினருக்குக் கூலியில் பாதியை வழங்க இசைந்தது. மறுபாதி அவருக்கு நட்டமே. அந்த நட்டத்தைத் தவிர்க்க வேண்டியிருந்தவை இரண்டு மரச்சட்டங்களும் ஒரு கைப்பிடி உப்புமே. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சரக்கறையை ஒருமுறை சோதிப்பாராக.