சீஸ் தொட்டிக்குச் சூடு வைப்பது

சிறிய அளவில் சீஸ் போட ஆசைப்பட்டு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அடுப்பைப் பற்றித்தான்: காஸா, விறகா, கரண்டா? எதுவானாலும் சரி. பாலக்கோடு பக்கம் மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் சீஸ் போட்டுவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: சூட்டை ஏற்ற யாராலும் முடியும், நினைத்த இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும்.

அண்டாவை நேராகத் தீயில் ஏற்றாதீர்கள். பால்கோவா லேசாக அடிப்பிடித்தால் அதுவும் ஒரு ருசி என்று தின்றுவிடுவோம். சீஸில் அந்தத் தீய்ந்த வாசம் மாதக்கணக்கில் முதிர்ந்தாலும் போகாது. பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் முக்காலி போட்டுப் பால் பாத்திரம், இவ்வளவு போதும். 100 லிட்டர் பாலை 30 டிகிரியிலிருந்து 63-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 3.7 யூனிட் கரண்ட் ஆகும். சுற்றியுள்ள தண்ணீரும் சூடாக வேண்டுமே, அதனால் 3 கிலோவாட் ஹீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 63-லேயே அரை மணி நேரம் வைத்திருந்தால் கிருமி நீக்கம் முடிந்தது.

அடுத்து 32-க்கு இறக்க வேண்டும். பொழுது போவது இதில்தான். சித்திரையில் மேல்தொட்டித் தண்ணீரே 30 டிகிரியைத் தொடும். 40 வரை மளமளவென்று இறங்கிய பால் அதன்பின் நகராது. ஐஸ் பாரை உடைத்து வெளித் தண்ணீரில் போடுவேன்.

பாலை உறையவைக்கும் ரென்னெட் ஊற்றி, உறைந்து, வெட்டிய பிறகு வருகிற சூடேற்றம்தான் கைப்பக்குவம். செடார் வகைக்கு 38, 39 வரை ஏற்றலாம், ஆனால் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான். அவசரப்பட்டால் ஒவ்வொரு துண்டும் தோல் கட்டிக்கொள்ளும். தெளிநீர் உள்ளேயே தங்கி, சீஸ் புளித்து நொளநொளத்துவிடும். வெளித் தண்ணீர் பாலைவிடச் சூடாக இருக்கும்வரை, அடுப்பை அணைத்தாலும் பால் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதனால் இரண்டு டிகிரி இருக்கும்போதே அணைத்துவிடுவேன். விறகென்றால் கங்கையும் வெளியே இழுத்துவிட வேண்டும். மீறிப் போகும்போல் தெரிந்தால் வெளிப்பாத்திரத்தில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர். துண்டுகளை ஒரு கைப்பிடி அள்ளி அழுத்துங்கள். உருண்டையாகச் சேர்ந்து, கட்டைவிரலால் தேய்த்ததும் உதிர்ந்தால் பதம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது கௌடா. இந்தக் கட்டத்தில் அதற்கு அடுப்பே வேண்டாம். 100 லிட்டரில் 35 லிட்டர் தெளிநீரை வடித்துவிட்டு, கொதித்து 55-க்கு ஆறிய தண்ணீர் 25 லிட்டரைக் கிளறியபடியே மெல்ல ஊற்றினால், 32-ல் இருந்தது 38 பக்கம் வந்து நிற்கும். வடித்த தெளிநீரை மாடு விரும்பிக் குடிக்கும்.

கௌடாவுக்கு ஊற்றும் அந்தச் சூடுதண்ணீர் சீஸோடு சேர்வது. நம் தருமபுரி மாவட்டத்தின் போர் தண்ணீரை அதில் ஊற்ற எனக்கு மனம் வராது. ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் திட்டத்துக் குடிநீர்தான் பயன்படுத்துகிறேன். வெளிப்பாத்திரத்துக்கு மழைநீர். உப்புத் தண்ணீர் விட்டால் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிந்து சூடு பிடிக்காது, காயிலும் எரிந்துபோகும்.

தெர்மாமீட்டர் சரியா என்று கொதிக்கிற தண்ணீரில் முக்கி 100 காட்டுகிறதா பார்ப்பார்கள். தருமபுரி நகரமே கடல் மட்டத்துக்கு 450 மீட்டருக்கு மேல். இங்கே தண்ணீர் 98.5-ஐ ஒட்டியே கொதித்துவிடும். கொடைக்கானலில் 93 பக்கம். நல்ல தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு முக்கி, 0 காட்டுகிறதா என்று பாருங்கள்.