முன்னேற ஆசை மட்டும் போதுமா? ஒரு விளையாட்டு சொல்லும் பாடம்



"பதவி, முன்னேற்றம் எல்லாம் படிச்சவங்களுக்குத்தான், நமக்கு எதுக்கு?" என்று கூட்டங்களில் சில உறுப்பினர்கள் கேட்பதுண்டு. இந்த மாதம் அதற்கான பதிலை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து பார்ப்போம். சிரிக்காதீங்க, நமக்கும் அதில் விஷயம் இருக்கு!

விளையாட்டின் பெயர் 'தி சிம்ஸ்'. அமெரிக்காவின் வில் ரைட் உருவாக்கி, 2000-ல் வெளிவந்தது. 1991-ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து பகுதியில் பரவிய பெருந்தீயில் அவருடைய வீடு எரிந்துபோனது. ஒவ்வொரு பொருளாக மறுபடி சேர்த்த அனுபவமும் இந்த விளையாட்டுக்கு ஒரு காரணம். இது சண்டை விளையாட்டு அல்ல. திரையில் ஒரு குடும்பம் இருக்கும். அவர்களைச் சாப்பிட வைத்து, தூங்க வைத்து, வேலைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

மொத்தம் 10 துறைகள், ஒவ்வொன்றிலும் 10 படிகள். அரசியலில் சேர்ந்தால் தேர்தல் பிரசார வேலை முதல் படி, மேயர் பதவி பத்தாவது படி. ஆசைப்பட்டவுடன் யாரும் மேலே போக முடியாது. மூன்று விஷயம் வேண்டும்.

1. திறமை: புத்தகத்தைப் பார்த்துச் சமையலும் ரிப்பேர் வேலையும் கற்கலாம். கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினால் பேச்சுத்திறன் வளரும். கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சப்படும் சகோதரிகள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தீர்மானம் எழுதுவது, வங்கிச் சீட்டு நிரப்புவது எல்லாம் இப்படிப் பழகி வருவதுதான்.

2. உடலும் மனசும்: பசி, தூக்கம், சுத்தம், பொழுதுபோக்கு என்று 8 தேவைகளுக்கு எட்டுக் கோடுகள் உண்டு. கவனித்தால் பச்சை, கவனிக்காவிட்டால் சிவப்பு. ரொம்பச் சோர்ந்துபோனால் அந்த மனிதர் படிக்கவே மாட்டார், பதவி உயர்வும் வராது. நம் வீட்டில் எல்லோருடைய கோட்டையும் பச்சையாக வைப்பது நாம்தான். நம்முடைய கோடு? மீதி இருந்தால் சாப்பாடு, நேரம் இருந்தால் தூக்கம். இதைத் தியாகம் என்று பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் உடம்பு படுத்துவிட்டால் தொழிலும் படுத்துவிடும்.

3. உறவு: மேல்படிகளுக்கு நண்பர்கள் வேண்டும். வேலைக்குப் போகிறவருடைய நண்பர்களை மட்டும் எண்ணுவதில்லை, வீட்டிலுள்ள எல்லோருடைய நண்பர்களும் கணக்கில் வரும். வீட்டில் இருப்பவர் நாலு பேரிடம் நன்றாகப் பழகியதால் வேலைக்குப் போனவர் மேலே ஏறுவார்! "நான் சும்மா வீட்ல இருக்கேன்" என்று சொல்லும் சகோதரிகள் இதை யோசிக்க வேண்டும். அதுபோல, நாம் பயிற்சிக்குப் போகும் நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்ள மற்றவர்களும் முன்வர வேண்டும்.

ஆனால் விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு. அங்கே குடும்பம் 20,000 சிமோலியன் பணத்தோடு தொடங்கும். நாம் சிறுகச் சிறுகச் சேமித்துத் தொடங்கினோம். அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம், "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்க ஆளில்லை. தோற்றால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடலாம். நமக்கோ கடன் தவணை காத்திருக்காது. அதனால் ஆசையைச் சுருக்க வேண்டாம், படியைச் சிறிதாக வைப்போம். பெரிய கடனோடு குதிப்பதைவிட, முதலில் தொழிலைக் கற்று, சின்ன அளவில் செய்து பார்த்து, பிறகு பெரிதாக்குவது நல்லது.

உறுப்பினர், பிரதிநிதி, ஊக்குநர், கூட்டமைப்பு நிர்வாகி என்று நமக்கும் படிகள் உண்டு. இன்று எந்தப் படியில் நின்றாலும் அடுத்த படி நமக்கானதுதான்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

- நான் ஏற விரும்பும் அடுத்த படி எது?
- அதற்கு நான் கற்க வேண்டிய ஒரு விஷயம் என்ன?
- என்னுடைய எந்தக் கோடு சிவப்பாக இருக்கிறது? அதைப் பச்சையாக்க வீட்டில் யாரிடம் உதவி கேட்பேன்?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்ப்போம்.