கடைத்தெருவைப் பற்றி வாதாடும் முன்: இளம் நகரமைப்பாளருக்கு ஒரு கடிதம்

பழைய கடைத்தெரு ஒன்றை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தால் மூன்று தரப்பு கிளம்பிவிடும். இடித்துக் கட்டலாம் என்பார் மனைக்காரர். ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது என்பார் மரபு ஆர்வலர். காரை வெளியே அனுப்பிவிட்டு மக்களை நடக்கவிட வேண்டும் என்பார் மூன்றாமவர். படிப்பு முடித்து வரும் இளம் நகரமைப்பாளருக்கு இதில் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துவிடத் தோன்றும். சேரலாம், தவறில்லை. ஆனால் சென்னை இந்த மூன்றையும் ஏற்கெனவே செய்து பார்த்த ஊர் என்பதால், அவற்றின் பலன்களைப் பார்த்துவிட்டுச் சேர்வது நல்லது.

அண்ணா சாலையிலிருந்து தொடங்கலாம். ஸ்பென்சர் கடையின் பழைய கட்டடம் 1983-இல் தீக்கிரையானது. அதே இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. கொஞ்ச காலம் நகரமே அங்கே திரண்டது; புதிய மால்கள் வந்ததும் கூட்டம் அவற்றுக்குப் போய்விட்டது. 1897-இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் அதே சாலையில்தான் இருக்கிறது. உரிமையாளரான ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2006-இல் அதை இடிக்கத் தொடங்க, மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போனது. 2010-இல் உயர் நீதிமன்றம் கட்டடத்தைக் காப்பாற்றியது. வழக்கு வென்றது, கட்டடமோ பாழடைந்தே நின்றது. உள்ளே யாருக்கும் ஒரு வேலையும் இல்லாத கட்டடத்தில் ஒழுகுகிற கூரையை யார் கவனிப்பார்? இதே சாலையில் 1904-லிருந்து நிற்கும் ஹிக்கின்பாதம்ஸ் இன்னும் புத்தகம் விற்கிறது, அதனால் நிற்கிறது. தடையாணையை விட வியாபாரம் அந்தக் கட்டடத்தை நன்றாகக் காத்திருக்கிறது.

மரபுக் கட்டடத்துக்காக வாதாடப் போகிறவர் "இதை இடிக்காதீர்கள்" என்ற ஒற்றை வரியோடு போகக்கூடாது என்பதற்கு இதுவே போதும். அடுத்த வாடகைதாரர் யார், மேல்மாடிக்கு எது வரும், மராமத்துச் செலவை யார் ஏற்பார் என்ற விடைகளையும் கையில் வைத்திருக்க வேண்டும். சட்டத்தை மட்டும் நம்பியிருப்பதும் சரிப்படாது. சட்டமன்றத்தில் 2012-இல் நிறைவேறிய மரபு ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

கட்டடம் போனால் அதோடு போவது என்ன என்பதற்கு சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் சாட்சி. 1985 மே மாதத் தீயில் கட்டடம் போயிற்று. கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வணிக வளாகத்தில் இடம் கிடைத்தது; பழைய இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் வந்தது. பழைய புத்தகக் கடைகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் ரயில் பிடிக்கப் போகிற வழியில் சும்மா நுழைந்து புரட்டிப் பார்த்த கூட்டத்தைக் கடைகளோடு சேர்த்து மாற்ற முடியவில்லை.

நடக்கத்தக்க கடைத்தெரு என்றால் தியாகராய நகரின் பாண்டி பஜாரைச் சொல்லாமல் முடியாது. அங்கே 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய கதையும் முக்கியம். பிளாட்பாரக் கடைக்காரர்கள் 2013-இலேயே மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். மாடிப்படி ஏறி வந்து யார் கர்ச்சீப் வாங்குவார் என்பது அவர்களின் நியாயமான புலம்பல். நடைபாதை வளாகத்துக்கு முன் தற்காலிகத் தடுப்பு வைத்து ஒத்திகை பார்த்தது நல்ல முறை. வாசலில் கார் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர் அஞ்சுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். கோபன்ஹேகனில் 1962-இல் ஸ்ட்ராய்யெட் தெருவிலிருந்து கார்களை விலக்கியபோதும் இதே அச்சம் எழுந்தது.

திறப்பு விழாவுக்குப் பின் பாண்டி பஜார் சொல்லித் தந்த பாடம் வேறு. நடைபாதையில் பைக் ஏறியது, தரைக்கல் பெயர்ந்தது, பராமரிப்பு தளர்ந்தது என்று குறைகள் வரிசையாக வந்தன. அழகான நடைபாதையை ஒரு முறை போட்டுவிடலாம். அதை மறுநாள் காலி செய்து வைத்திருக்க ஆளும் பணமும் வேண்டும். மதிப்பீட்டில் கல்லுக்கும் விளக்குக்கும் தொகை எழுதுகிறவர் ஐந்தாண்டுப் பராமரிப்புக்கும் பார்க்கிங் கண்காணிப்புக்கும் தனி வரி எழுதாவிட்டால் திட்டம் பாதிதான்.

தெருவோர வியாபாரிகளைப் பற்றி 2014-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. கணக்கெடுப்பு முடியும் வரை வெளியேற்றக்கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். வரைபடத்தில் பூக்காரிக்கும் இளநீர் வண்டிக்கும் இடம் குறிக்காத நடைபாதை கோப்பில் மட்டும் ஒழுங்காக இருக்கும், தெருவில் இருக்காது.

கடைத்தெருவையே முழுதாகக் காக்க முயன்ற வெளியூர் ஒன்றையும் பார்க்கலாம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கடைவீடுகளின் முன் ஓடும் ஐந்தடி நடைபாதை, 1822-இல் ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் வந்த விதி. வெயிலிலும் மழையிலும் நடக்கிறவருக்கு இதை விடச் சிறந்த ஏற்பாடு நம் தட்பவெப்பத்தில் இல்லை. ஆனால் அங்கே பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001-இல் முற்றாக நீங்கியது. அதன் பிறகு ஒரு கடைவீட்டின் முகப்பு அப்படியே இருக்க, உள்ளே இருந்த சிறு வணிகர் மாறிப்போக எந்தத் தடையும் இல்லை. முகப்பைக் காப்பது எளிது, உள்ளிருப்பவரைக் காப்பது அப்படியல்ல.

இனி இந்தப் பாடங்களோடு சென்னையின் மேற்குப் புறநகரான ஐயப்பன்தாங்கலுக்கு வரலாம். இங்கே காப்பாற்ற இந்தோ சாரசெனிக் கோபுரம் இல்லை. மரபென்று இருப்பவை ஏரி, குளம், வாய்க்கால், பக்கத்தில் மாங்காடு, பூந்தமல்லிக் கோயில்கள். பரங்கிமலை–பூந்தமல்லி சாலைதான் கடைத்தெரு. பேருந்துப் பணிமனையை ஒட்டி மெட்ரோவின் இரண்டாம் கட்டத்து நிலையம் வந்திருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை செல்லும் 26.1 கிலோமீட்டர் தடத்தில் இது ஒன்று. நிலத்தின் விலையும் தளப் பரப்புக் குறியீடும் இனி ஏறுமுகம்தான். இடித்துக் கட்டும் வாதம் இங்கே தோற்காது. அதனால் அந்தச் சண்டையில் நேரத்தைச் செலவிடுவதை விட, எழும் கட்டடத்தின் தரைத்தளம் தெருவை எப்படித் தொடும் என்பதில் பிடிவாதம் காட்டுவது பயன் தரும். முழுத் தரைத்தளமும் பார்க்கிங் ஸ்டில்ட்டாகப் போனால் கடையே இருக்காது, கேட்டும் சுவரும்தான் இருக்கும்.

கையில் டேப்போடு மாலை நேரத்தில் இந்தச் சாலையோரம் நடந்தால் சிக்கலின் உருவம் தெரியும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் சாலை உயர்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கடைக்காரர் தரையை உயர்த்துகிறார். ஏறுவதற்குப் படி வேண்டும், பைக்குக்குச் சரிவு வேண்டும். இரண்டும் மழைநீர் வடிகால் மூடியின் மேல் இறங்குகின்றன. மிச்சத்தை மின்வாரியப் பெட்டியும் டீக்கடை பெஞ்சும் எடுத்துக்கொள்கின்றன. நடப்பவர் பேருந்துக்கு முன்னால் இறங்குகிறார். இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறி நடைபாதைக்குக் கேட்பது தடையில்லாத 1.8 மீட்டர் அகலமும், 15 செ.மீ.க்கு மிகாத உயரமும்தான். சுரண்டிவிட்டே தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரின் சுற்றறிக்கையும் உண்டு. ஒவ்வொரு கடை வாசலின் உயரத்தையும் குறித்து ஒரே நீள்வெட்டுப் படமாக வரைந்தால், எத்தனை படி நீங்கலாம், எங்கே சாலையே இறங்க வேண்டும் என்பது கடைக்காரருக்கே புரியும். முப்பரிமாண வண்ணப் படத்தை விட அந்தக் கோட்டுப் படம் கூட்டத்தில் நன்றாகப் பேசும்.

எந்தக் கூட்டத்தில் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, நிலையம் மெட்ரோ நிறுவனத்துடையது, கட்டட அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கையில், உள்தெருக்கள் உள்ளாட்சியிடம். ஐயப்பன்தாங்கல் ஊராட்சியாகவே வளர்ந்த இடம். ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நீள்வெட்டுப் படத்தை முதலில் அங்கே விரித்துவிட்டு, அந்தத் தீர்மானத்தின் நகலோடு மற்ற மூன்று அலுவலகங்களின் படியேற வேண்டும்.